கரிசல் மண்ணில் ஒரு கத்தி உறை

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரெயிலில் போகிறவர்கள் சாத்தூரைத் தாண்டியதும் பெரும்பாலும் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பார்க்க என்ன இருக்கிறது? ஒரே பொட்டல்!" என்பது அவர்கள் தீர்ப்பு. கோவில்பட்டி வந்ததும் கடலை மிட்டாய் வாங்குவதற்கு மட்டும் ஒரு முறை தலையை நீட்டுவார்கள். அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மிட்டாயோடு கோவில்பட்டி முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பிசகு.

கிழக்கே சிறிது தூரத்தில் பாரதியார் 1882-ல் பிறந்த எட்டயபுரம். தெற்கே கட்டபொம்மன் 1799-ல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. மேற்கே, பாறையை மேலிருந்து குடைந்து வெட்டுவான் கோயிலை எழுப்பிய கழுகுமலை. இவற்றையெல்லாம் இணைத்துக்கொண்டு நாலா பக்கமும் விரிந்து கிடப்பது கரிசல். மழை பெய்தால் பசையாகிக் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, ஆடு மேய்க்கும் பையனின் கோலை விழுங்கிவிடும். இந்த மண்ணின் குணத்தை ஆராய்வதற்கென்றே 1901-ல் கோவில்பட்டியில் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் இங்கே வானத்தை நம்பி விளைகின்றன.

இம்முறை நாம் சென்ற காரியம் சிறியது. நமது பள்ளித் தோட்டத்துக் கத்திக்கு ஓர் உறை வேண்டியிருந்தது. கத்தி ஆறு அங்குலம், கூர் அதிகம், பிள்ளைகள் புழங்கும் இடம். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் உறை ஒரு மாதத்தில் பிளந்துவிட்டது. கழுகுமலைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் தோல் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம்.

வழியெல்லாம் ஆவாரை பூத்திருந்தது. பொங்கல் காப்புக்கு அந்தப் பூவைப் பறிக்கும் நமக்கு அதன் பட்டையின் பெருமை அவ்வளவாகத் தெரியாது. சென்ற நூற்றாண்டுகளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குக் கப்பலேறிய பதனிட்ட தோல்களின் இளம் பழுப்பு நிறமும் மென்மையும் இந்த ஆவாரம்பட்டை கொடுத்தவையே. அந்தப் பட்டைச் சாறுதான் பச்சைத் தோலைக் கெடாத தோலாக மாற்றியது.

பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாம் விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கையில் வாங்கி, இருபுறமும் புரட்டிப் பார்த்து, "உக்காருங்க வாத்தியாரய்யா, வேலை மெதுவாத்தான் ஆகும்" என்றார்.

தோல் பதனிடுவதைப் பற்றி அவர் சொன்னதை முதலில் கூறிவிடுகிறோம். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரையும், உட்புறம் ஒட்டிய சதையையும் நீக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு போகக் கழுவிப் பட்டைச் சாற்றில் இட வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் நீர்த்த சாறு. நாளாக நாளாகக் கெட்டிச் சாறு. அவசரப்பட்டு முதலிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிப்போய் உள்ளே சாறு இறங்காது. வெளியே பக்குவமாகத் தோன்றும் தோல் நடுவில் பச்சையாகவே நிற்கும். மாணவர்களுக்குப் பாடம் சொல்பவர்களுக்கு இந்த விதி புதிதன்று! கடைசியில் கடுக்காய்ச் சாறு. அதன் பின் எண்ணெய். இப்போது பெரியவர் தாமே பதனிடுவதில்லை. பட்டையில் பதனிட்ட தோலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறார்.

நமது கத்திக்கு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தோலை எடுத்தார். பழைய காலண்டர் அட்டை ஒன்றில் கத்தியை வைத்துக் கோடிழுத்து, அதை மடித்துப் பார்த்து, வெட்டி, அந்த அளவுக்குத் தோலை நறுக்கினார். கத்தியின் முதுகுப் பக்கம் தோலின் மடிப்பு. கூர்ப் பக்கம் தையல். ஆனால் இரண்டு ஓரங்களையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், கத்தி போய் வரும்போதெல்லாம் கூர் நூலை அறுத்துவிடும் அல்லவா? அதற்காக இரு ஓரங்களுக்கும் நடுவே ஒல்லியான தோல்வார் ஒன்றைச் செருகினார். கூர் அந்த வாரில் மோதும், நூலைத் தொடாது. உறையின் உயிர் இந்த வாரில்தான் இருக்கிறது. வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

"அரிவாளா இருந்தா வேற கணக்கு" என்றார். அரிவாளின் மூக்கு வளைந்திருப்பதால் அதை மேலிருந்து உறைக்குள் இறக்க முடியாது. முதுகுப் பக்கத்தைத் திறந்து விட்டு, வாரினால் பூட்ட வேண்டும். சீமைக்கருவேல் வெட்டச் சைக்கிளில் போகிறவர்கள் சிலர் அப்படிக் கேட்டு வாங்குவதுண்டாம். மற்றவர்களுக்குச் சாக்குத் துணியே உறை.

பிறகு தையல். பருத்தி நூலைப் பல புரியாக முறுக்கித் தேன்மெழுகில் இழுத்தார். குத்தூசியால் சீரான இடைவெளியில் துளைகள் இட்டார். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் புகுந்து வெளிவரும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்த தையல்களும் தளர்ந்து பிரியத் தொடங்கும். இதில் ஓர் இழை அறுந்தாலும் மற்றோர் இழை பிடித்து நிற்கும்.

தைத்த உறையைச் சிறிது நேரம் தண்ணீரில் நனைத்தார். எண்ணெய் தடவித் துணி சுற்றிய கத்தியை உள்ளே வைத்து, விரல்களால் அழுத்தி அழுத்திக் கத்தியின் வடிவத்தைத் தோலுக்கு வருவித்தார். நிழலில் உலர வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். உலர்ந்தபின் ஓரங்களைச் சீவி, ஈரம் தொட்டு, வழவழப்பான கட்டையால் தேய்த்தார். மூன்று ஓரங்களும் ஒன்றாகி, ஒரே தோலைப் போல மின்னின. கடைசியாக ஆமணக்கெண்ணெய், அதன் மேல் மெழுகு. நுனியில், தண்ணீர் வடிய ஒரு சிறு துளை. "மழையிலே நனைஞ்ச கத்தியை இதுக்குள்ளே போட்டுடாதீங்க. தோலும் கறுத்துப் போகும், இரும்பும் துருப்பிடிக்கும்" என்று எச்சரித்தார். பட்டைச் சாறும் இரும்பும் கூடினால் கறுப்பு உண்டாகும் என்பது ரசாயனம். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளும் அதனாலேயே உண்டாகின்றன.

உறையைக் கையில் வாங்கியபோது நமக்கு ஒன்று தோன்றியது. இதன் நூல், பட்டை, எண்ணெய், தோல் ஆகிய நான்கும் இந்தக் காய்ந்த சீமையே தரக்கூடியவை. பொட்டல் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பேச்சு கமலையைப் பற்றித் திரும்பியது. மின்சார மோட்டார் வருமுன் கிணற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் இறைத்தது மாடும் கமலையும். அந்தக் கூனைக்கு வாய்த்த தோல் வாலைத் தைத்தவர்கள் இவருடைய முன்னோர்கள். அந்தத் தோல் எவ்வளவு முக்கியமென்றால், 1903-ல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, நீரிறைக்கும் தோல் சால்கள் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதே அவருடைய முக்கிய நோக்கங்களில் ஒன்று. தோல் அறிந்தவன் கை இல்லாமல் தோட்டத்தில் ஒரு பாத்திகூட நனைந்திராது. ஆனால் அந்தக் கைக்குக் கிடைத்த மரியாதை என்ன? களத்தில் அளந்த கொஞ்சம் தானியம். ஊருக்கு வெளியே ஒரு குடிசை. செத்த மாட்டைத் தூக்க ஓர் உத்தரவு. தண்ணீர் கொடுத்தவனுக்கே கிணற்றைத் தொட உரிமை இல்லை. இதைவிட வெட்கக்கேடு தேசத்துக்கு வேறென்ன வேண்டும்?

நெற்கட்டும்செவலில் பூலித்தேவருடைய படையில் பெயர் பெற்ற ஒண்டிவீரன் இந்தச் சமூகத்தவரே. எதிரியின் பாசறையில் வைக்கோலில் மறைந்திருந்தபோது தம் கையில் முளை இறங்கியும் வாய் திறவாமல், அந்தக் கையையே வெட்டிக்கொண்டு காரியத்தை முடித்தார் என்று நாட்டுப்புறக் கதை கூறும். அவர் படத்தோடு 2022-ல்தான் தபால் தலை வெளிவந்தது.

"உங்கள் மகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தீர்களா?" என்று கேட்டோம்.

பெரியவர் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "அவன் பாலிடெக்னிக் படிச்சு வேலைக்குப் போயிட்டான். தொழிலைக் கத்துக்கொடுக்கிறதுக்கு என்னய்யா, ஆறு மாசம். ஆனா தொழிலோட பேரும் சேர்ந்து ஒட்டிக்கிடுமே? அதை எப்படிக் கழட்டுறது?"

நமக்குப் பதில் வரவில்லை. அழியும் கைத்தொழில்களைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். யாருடைய பிள்ளை காக்க வேண்டும் என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும். அருந்ததியருக்கு 2009-ல் தமிழ்நாட்டில் மூன்று சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அதன் பயனாகப் படித்து வெளியேறும் பிள்ளையைப் பார்த்து, "குத்தூசியை விடாதே" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆனால் கலை போகட்டும் என்று விட்டுவிடுவதும் நியாயமாகாது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம் கையால் தைத்த ஒரு ஜோடியை 1914-ல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். அவரைச் சிறையிலிட்ட ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் அணிந்து, 1939-ல் அவருக்கே திருப்பி அனுப்பினார். வைசிய குலத்தில் பிறந்து பாரிஸ்டரான ஒருவர் தோலைத் தொட்டதால் அவருடைய பெயர் கெட்டுவிடவில்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு வழி அதிலே இருக்கிறது. ஒரு சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் செய்தால் ஒட்டிக்கொள்ளும் பெயர், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் செய்தால் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் உதிர்ந்துவிடும்.

ஆகவே பெரியவரிடம் இன்னொரு வேண்டுகோளையும் வைத்தோம். வாரம் ஒரு நாள் நமது பள்ளிக்கு ஆசிரியராக வர வேண்டும். மற்ற ஆசிரியர்களைப் போலவே நாற்காலியில் அமர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும், நாமும்கூட, அவரிடம் தையல் கற்க வேண்டும். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "மத்த பிள்ளைகளோட அப்பா அம்மா சம்மதிப்பாங்களா? அதை முதல்ல கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்கப் போகிறோம். நேயர்களும் தத்தம் வீட்டில் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.