யார் யாரைத் தேடிப் போவது?

ஜூன் 9, திங்கள்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் இது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வு தொடங்கும்போது முதலில் கூப்பிடுவது சிறப்புப் பிரிவினரை: மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள். அன்றைக்கு ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் மருத்துவச் சான்றிதழையும் யுடிஐடி அட்டையையும் அதில் போட்டிருக்கும் சதவீதத்தையும் எத்தனை பேர் வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள்! இடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதும் பெரும்பாலான இடங்களில் அந்தக் கோப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 32ஆம் பிரிவில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்து படிக்க ஆளுக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. முதலாவதற்கு விண்ணப்பத்தில் கட்டம் போட்டிருக்கிறார்கள், இரண்டாவதற்குப் போடவில்லை. என்ன குறை, எத்தனை சதவீதம் என்று கேட்கும் படிவம், பாடம் படிக்கவும் தேர்வு எழுதவும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.

பள்ளியில் நிலைமை இதைவிட மேல். பிளஸ் டூ பொதுத்தேர்வில் பார்வையற்றவர்கள், கை இயக்கம் குறைந்தவர்கள், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் உள்ளிட்டோருக்கு, சொல்வதை எழுதுபவர் (ஸ்க்ரைப்), கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று அவரவர் தேவைக்கேற்ப அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகை தருகிறது. பள்ளி வழியாகவே விண்ணப்பம் போகிறது, தலைமையாசிரியர் கையெழுத்திடுகிறார், அப்பாவோ அம்மாவோ கூட நிற்கிறார்கள். மார்ச் மாதம் ஸ்க்ரைப் வைத்து எழுதித் தேறிய பெண் ஜூலையில் கல்லூரிக்குள் வரும்போது, அவளைப் பற்றி அரசிடம் இருக்கும் தகவல் அத்தனையும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. நவம்பர் செமஸ்டருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். யாரிடம் போய்? டியூட்டரிடமா, ஹெச்.ஓ.டி.யிடமா, சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) ஆபீஸிலா? பள்ளிவரை ஏற்பாடு பிள்ளையைத் தேடி வந்தது. கல்லூரியில் பிள்ளை ஏற்பாட்டைத் தேடி அலையவேண்டியிருக்கிறது. இந்தத் திசையைத்தான் முதலில் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. புதிய மையங்களும் புதிய சுற்றறிக்கைகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஜூன் 12, வியாழன்

மையங்கள் இல்லாமல் இல்லை. டெல்லி பல்கலைக்கழகம் 2006லேயே சம வாய்ப்பு மையம் தொடங்கிவிட்டது. சென்னை லயோலா கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென வள மையம் நடக்கிறது. மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. யுஜிசியும் சும்மா இல்லை. உயர்கல்வி நிறுவனங்களின் அணுகல்தன்மைக்கென 2022இல் விரிவான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆகவே சட்டம் போதவில்லை, மையம் போதவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது கொஞ்சம் சுலபமான புலம்பல்.

இருப்பதை எப்படி அளக்கிறோம் என்று பார்த்தால் சங்கதி புரியும். நாக் தர மதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் தயாரித்துவந்த தன்மதிப்பீட்டு அறிக்கையில் 7.1.7 என்று ஓர் இனம். சாய்தளம் அல்லது லிப்ட், உகந்த கழிப்பறை, வழிகாட்டிப் பலகைகள், உதவித் தொழில்நுட்பம், ஆள் உதவி (வாசிப்பவர், ஸ்க்ரைப், பாடங்களின் மென்பிரதி) என ஐந்து வசதிகளைக் கேட்கும். ஐந்தில் நான்கு இருந்தாலே முதல் தரம். ஆதாரமாக ஜியோடேக் செய்த படங்களை ஏற்றவேண்டும். சாய்தளத்தைப் படம் பிடிக்கலாம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்தின் மூலையில் விழும். ஒரு மாணவருக்கு ஸ்க்ரைப் வேளைக்குக் கிடைத்தாரா என்பதை எந்தக் கேமராவில் பிடிப்பது? கண்ணுக்குத் தெரிகிற வசதிகள் பெருகி, தெரியாதவை ஏட்டோடு நின்றுவிடுவதற்கு இந்த அளவுகோலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்த வசதியை இந்த ஆண்டு எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தாலே பல கல்லூரிகள் விழித்துக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதவை என்று சொன்னேன். 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் பட்டியலிட்டிருந்தது. 2016 சட்டத்தில் அவை 21 ஆயின. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா எல்லாம் உள்ளே வந்தன. தீவிரத் தலசீமியா உள்ள ஒருவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். செமஸ்டரில் அதற்கே எத்தனை வேலைநாள் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாணவருக்குச் சாய்தளத்தால் எந்தப் பயனும் இல்லை. வேண்டியதெல்லாம் 75 சதவீத வருகைப்பதிவு விதியில் ஒரு தளர்வும், அன்றைய பாடக்குறிப்பும்தான். ஏற்கெனவே தெரிந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற ஏற்பாடு. தெரியாதபோது பருவத்தின் கடைசியில் அபராதம் கட்டி காண்டொனேஷன் (வருகைக் குறைவுக்கு மன்னிப்பு) கேட்டு நிற்கும் வரிசையில் அவரும் ஒருவராகிவிடுகிறார்.

ஜூன் 15, ஞாயிறு

தமிழ்வழிப் பாடக்குறிப்புகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பார்வையற்ற மாணவர் இன்று கணினியில் படிக்க என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் வாசித்துக் காட்டும். ஆனால் துறைகளில் ஆண்டாண்டாகக் கைமாறிவரும் தமிழ்ப் பாடக்குறிப்புகள் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. திரையில் பார்ப்பவருக்கு அது அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் அதற்குத் தெரியும். சங்க இலக்கிய வரலாறு முழுவதும் இப்படி ஜே, கே, பி என்று காதில் விழுந்தால் என்ன படிப்பது? தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றித்தரும் செயலிகளும் இலவசமாக இருக்கின்றன. ஒரு கோப்பை மாற்ற ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரத்தைவிடக் குறைவு.

பிறகு ஏன் மாறவில்லை? அந்தக் கோப்பை வைத்திருக்கும் பேராசிரியருக்கு, தன் வகுப்பில் திரைவாசிப்பான் பயன்படுத்துகிற ஒருவர் இருக்கிறார், அவருக்கு அது ஜே, கே, பி என்று கேட்கிறது என்பதே தெரியாது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கரும்பலகையைப் படம் எடுத்துப் போடுகிறவருக்கும், பழைய நூலை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக அனுப்புகிறவருக்கும் இதே கதைதான். நூலகத்தில் திரைவாசிப்பானோடு ஒரு கணினி இருக்கலாம்; மையத்தின் பொறுப்பாசிரியர் அர்ப்பணிப்பு உள்ளவராகவும் இருக்கலாம். பாடம் உற்பத்தியாகும் இடத்துக்குச் செய்தி போகாதவரை அந்தக் கணினியில் வாசிக்க ஒன்றும் இருக்காது. பதிப்புரிமைப் பிரச்சினை வருமே என்று தயங்குபவர்களும் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூல்களைப் பிரதி எடுக்கச் சட்டமே விலக்களித்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஆசிரியர் அறைகளில் அதிகம் கேட்பது இது: கூடுதல் நேரம், ஸ்க்ரைப் எல்லாம் மற்ற மாணவர்களுக்கு அநியாயம் இல்லையா? போலிச் சான்றிதழ் வாங்கி வருவார்களே? முதல் கேள்விக்கு மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறையே விடை சொல்கிறது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், ஈட்டு நேரமாகத் தரவேண்டும். வாயால் சொல்லி இன்னொருவர் எழுதி, அதைத் திரும்ப வாசிக்கக் கேட்டுத் திருத்துவதில் இழக்கும் நேரத்தைத் திருப்பிக் கொடுப்பது அது, இனாம் இல்லை. வேகமாகக் கையெழுத்து ஓட்டுவதைத்தான் பட்டப்படிப்பு சோதிக்கிறது என்றால் வாதத்தை ஒப்புக்கொள்ளலாம். அப்படிச் சொல்லும் பாடத்திட்டம் எதையும் காணோம்.

போலிச் சான்றிதழ் பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, மோசடிகள் நடந்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையும் எடுத்துப் பேசியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. 40 சதவீத ஊனம் என்ற வரம்புக்குள் வரவில்லை என்று குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் மறுக்கப்பட்டது. அந்த வரம்பு இட ஒதுக்கீட்டுக்குத்தான், ஸ்க்ரைப் வசதியை அதற்குள் அடைக்க முடியாது என்றது நீதிமன்றம். உண்மையான தேவையுள்ளவர்தானா என்று உறுதிசெய்ய உரிய மருத்துவ அதிகாரியின் சான்றைக் கேட்கலாம் என்றும் சொன்னது. அதன் விளைவாக 2022 ஆகஸ்டில் 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் தனி நெறிமுறை வந்தது. அதாவது மோசடியைத் தடுக்க வழி சான்றைச் சரிபார்ப்பது. தேர்வுக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாக வரும் விண்ணப்பத்தைவிட, ஜூலையிலேயே வந்துவிட்ட விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது யாருக்கும் எளிது. முன்கூட்டியே கேட்பது மோசடிக்கும் எதிரானதுதான்.

அதே 2021 நவம்பரில் வந்த நீட் தீர்ப்பை இன்னும் அதிகம் பேர் படிக்க வேண்டும். எழுத்துக் குறைபாடான டிஸ்கிராபியா உள்ள மாணவி; 40 சதவீதச் சான்று கையில் இருக்கிறது; ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். தேர்வு மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவரிடமிருந்தும் தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு இழைத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை. சட்டம் இருந்தது, சான்று இருந்தது, கேட்கத் தெரிந்த மாணவியும் இருந்தார். அந்த அறையில் நின்ற மேற்பார்வையாளர் வரை செய்தி வந்து சேரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்னும் கனமான எதிர்வாதங்கள் இரண்டு மாணவர் பக்கத்திலிருந்தே வருகின்றன. தங்கள் நோயைக் கல்லூரி முழுக்கத் தெரியப்படுத்தப் பலருக்கு விருப்பமில்லை என்பது ஒன்று. மனநலச் சிகிச்சையில் இருப்பவரும் வலிப்பு உள்ளவரும் ஏன் சொல்ல வேண்டும்? அது கல்யாணப் பேச்சு வரைக்கும் தொடரும் ஊர் இது. நியாயமான பயம். அதனால்தான் படிவம் நோயைக் கேட்கக் கூடாது, தேவையைக் கேட்க வேண்டும் என்கிறேன். வருகைப்பதிவில் தளர்வு, முன்வரிசை இருக்கை, மென்பிரதி, கூடுதல் நேரம் எனப் பட்டியல் போட்டு, வேண்டியதைக் குறிக்கச் சொன்னால் போதும். காரணமும் சான்றும் ஒரே ஓர் அலுவலரிடம் இருக்கட்டும். பாடம் எடுப்பவருக்கு ஹீமோபிலியா என்று தெரிய வேண்டியதில்லை. கேள்வியை எல்லா மாணவர்களிடமும் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டதே ஓர் அடையாளமாகிவிடாது. தங்கள் கற்றல் குறைபாடு இன்னும் கண்டறியப்படாமலே பொதுப் பிரிவில் சேர்ந்தவர்களையும் அப்போதுதான் எட்ட முடியும்.

இரண்டாவது வாதம், தானே கேட்டு வாங்கப் பழகட்டும் என்பது. இதற்கு வலுவான சான்று கலிபோர்னியாவில் இருக்கிறது. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவரும் அவர் தோழர்களும் போராடியதன் விளைவாகவே 1970இல் அங்கு மாற்றுத்திறனாளி மாணவர் திட்டம் பிறந்தது. தேடிப் போனவர்கள்தான் அமைப்பையே கட்டினார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள முடிந்தது எப்படி? தங்க வேறு இடம் இல்லாமல் வளாகத்து கோவெல் மருத்துவமனையிலேயே அவர்களைக் குடிவைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் நம் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றில் ஒருவர், பி.எஸ்சி. கணிதத்தில் ஒருவர் எனச் சிதறிக் கிடப்பவர்களுக்கு அந்தக் கூட்டு எங்கிருந்து வரும்? தவிர, ஸ்டாஃப் ரூம் வாசலில் ‘சார்’ என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் நிற்கிற பதினேழு வயதிடம் உரிமைக்குரல் எதிர்பார்ப்பது அதிகம். என்னென்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்தான் கிடைக்காததைக் கேட்க முடியும். முதலாண்டில் நாம் போய்ச் சொன்னால், மூன்றாமாண்டில் அவர்கள் வந்து சண்டை போடுவார்கள். போடட்டும்.

ஜூலை 2, புதன்

பணம், ஆள் இல்லை என்ற வாதத்துக்குப் பாதி மதிப்புத் தருகிறேன். பழைய மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் வைக்கவும் சைகைமொழி பெயர்ப்பாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தவும் சிறிய கல்லூரியால் முடியாது. அரசுதான் செய்ய வேண்டும். அறிவியல் ஆய்வகத்தில் பார்வையற்றவருக்கு என்ன மாற்று என்பதிலும் எனக்குத் தெளிவான விடை இல்லை. ஆனால் ஸ்க்ரைப் விஷயத்துக்குப் பணம் வேண்டாம், நாள்காட்டி போதும். தேர்வரே ஸ்க்ரைபை அழைத்துவந்தால் அவர் கல்வித்தகுதி ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018 நெறிமுறை. கூடப் படிப்பவர்கள் உதவ முடியாது. அவர்களுக்கும் அதே நாளில் தேர்வு. பிளஸ் டூ முடித்தவரை வெளியில்தான் பிடிக்க வேண்டும், அவருக்குப் பாடச் சொற்களை எழுதவும் பழக்க வேண்டும். பொருளியல் தாளில் வளைகோட்டை வாயால் சொல்லி வரையவைப்பது இருவரும் சேர்ந்து பயின்றால்தான் வரும்.

தேர்வுக் கட்டணம் கட்டும் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தால் அந்த வேலை தொடங்கிவிடும். அந்தப் படிவத்தை எல்லா மாணவரும் நிரப்பியே ஆக வேண்டும். யாரும் தேடிப் போக வேண்டாம். கட்டத்தைக் குறித்தவர்களின் பட்டியல் அந்த வாரமே சி.ஓ.இ. ஆபீஸிலிருந்து என்.எஸ்.எஸ். அலுவலருக்குப் போகவேண்டும், ஸ்க்ரைப் திரட்டும் பொறுப்பு அவருடையது. ஹால்டிக்கெட்டிலேயே கூடுதல் நேரம் இத்தனை நிமிடம் என்று அச்சாகிவிட்டால் மேற்பார்வையாளரிடம் வாதாடத் தேவையிருக்காது. கட்டணப் படிவங்கள் செப்டம்பர் வாக்கில் வெளிவரும். அச்சுக்குப் போகும் முன் கட்டத்தைச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது.