மாதவிடாய் நின்றது... மீன்குழம்பும் நின்றுவிடுமோ?

மெனோபாஸ் என்றால் உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஏழு பேர் இருக்கிறோம். ஃபேன் ரெகுலேட்டருக்குச் சண்டை நடக்காத நாளே கிடையாது. ஆனால், சாப்பிட்ட அரைமணி நேரத்தில் கழுத்திலிருந்து மார்பு வரை சிவந்து, தடித்து, அரித்து, மூக்கு அடைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு 49 வயது. பிறந்தது தூத்துக்குடி, வாழ்க்கைப்பட்டது மதுரை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அதை மெனோபாஸ் என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பார்கள். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. எனக்கு 48-ல் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் பெரும்பாடு. இரவில் நான்கு முறை நைட்டி மாற்றுவேன். பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்திக்கொண்டே இருப்பேன், அடுத்த வரி வராது. சாக்பீஸும் கையுமாக நிற்பேன். பிள்ளைகள் மரியாதையாக அமைதி காப்பார்கள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

மகப்பேறு டாக்டரம்மா என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். மேமோகிராம், வயிற்று ஸ்கேன், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகு ஹார்மோன் சிகிச்சையை ஆரம்பித்தார். கையில் தடவிக்கொள்ள ஈஸ்ட்ரோஜன் ஜெல், இரவில் விழுங்க புரொஜெஸ்ட்ரோன். கர்ப்பப்பை இருக்கிற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், புற்றுநோய் வரை கொண்டுபோய் விடலாம். அதற்குக் காவல்தான் அந்த இரண்டாவது மருந்து. ஜெல் தோல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகிறது, மாத்திரையைப் போல முதலில் கல்லீரலுக்குள் நுழைவதில்லை. அதனால் ரத்தம் உறையும் ஆபத்து ஜெல்லில் குறைவு என்றார்.

மூன்றாவது வாரம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். காலையில் பால்காரர் மணியடித்துத்தான் எழுந்தேன். அந்தக் காலையின் சந்தோஷத்தை, இரண்டு வருடம் தூங்காதவர்களிடம்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். இன்னும் கொஞ்சம் வியர்வை மிச்சமிருந்ததால், நான்காவது வாரம் ஜெல்லை ஒரு அழுத்திலிருந்து இரண்டு அழுத்தாக உயர்த்தினார்.

ஐந்தாவது வாரம் தடிப்பு ஆரம்பித்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் செட்ரிசின் எழுதிக்கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார். மாத்திரையில் அரிப்பு அடங்கியது, ஆனால் மறுநாள் மூன்றாவது பீரியடில் கண்ணைத் திறந்துவைக்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரே குரல்: "ஹார்மோனை நிறுத்துங்க டீச்சர், கேன்சர் வரும்." 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து பிறந்த பயம் இது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மெனோபாஸ் வந்து பல வருடங்கள் ஆனவர்கள். கொடுத்த மருந்தும் வேறு ரகம். அறுபது வயதுக்குள், மெனோபாஸ் வந்து பத்து வருடங்களுக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கடுமையான கல்லீரல் நோய் இருந்தவர்கள் கணக்கு வேறு.

வீட்டுக்காரருக்கோ பயம் வேறுவிதம். "தூக்கம் வராட்டி பரவாயில்ல, நீ இப்படி செவந்து போய் உக்கார்றதைப் பார்க்க முடியல" என்றார். தூங்காமல் இருக்கப்போவது நான்தானே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பாவம், அவரும்தான் ரெண்டு வருஷமாக என்னோடு சேர்ந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் கணக்கு டீச்சர். காரணம் தெரியாமல் எதையும் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 80 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். என்ன சாப்பிட்டேன், அது எப்போது சமைத்தது, ஜெல் எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்.

முதலில் புரிந்த விஷயம், இது ஹாட் ஃப்ளாஷ் இல்லை என்பது. ஹாட் ஃப்ளாஷ் வந்தால் சில நிமிடங்களில் வியர்த்து ஓய்ந்துவிடும், அரிக்காது. இது இரண்டு மணி நேரம் நின்று அரித்தது, வியர்வை இல்லை, எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

இரண்டாவது விஷயம்தான் என்னைக் குழப்பியது. ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் குழம்பு சாப்பிட்டால் ஒன்றுமில்லை. அதே குழம்பைத் திங்கள்கிழமை மத்தியானம் டிபன்பாக்ஸில் கொண்டுபோனால் தடிப்பு. அரைத்த அன்று சுட்ட தோசைக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் புளித்த மாவு தோசையும் தக்காளிச் சட்னியும் சேர்ந்தால் மூக்கடைப்பு, தலைவலி. எல்லாவற்றையும்விட மோசம், அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பும் மாசிக் கருவாட்டுச் சம்பல். பொங்கல், இடியாப்பம், முட்டைக்கெல்லாம் உடம்பு சும்மா இருந்தது. மீனே ஒத்துக்கொள்ளாத அலர்ஜி என்றால் ஞாயிறும் அல்லவா தடிக்க வேண்டும்?

நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, "ஹிஸ்டமின் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார்.

ஒரு வாளி, இரண்டு குழாய்

ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே இருக்கும் ரசாயனம். அதன் வேலைகளை ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவர் சகாவும் 1910-லேயே விவரித்துவிட்டார்கள். மாஸ்ட் செல் என்ற செல்களுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருக்கும். ஏதாவது தூண்டினால் பொட்டலம் பிரிந்து அரிப்பு, சிவப்பு, மூக்கடைப்பு எல்லாம் வரும். இது வெளியிலிருந்து, சாப்பாடு வழியாகவும் வருகிறது. அப்படி வருவதைக் குடலில் உடைத்துப்போட டி.ஏ.ஓ என்ற என்சைம் இருக்கிறது. அந்த என்சைம் சமாளிக்கிற அளவைவிட வரவு கூடிப்போனால், அதுதான் ஹிஸ்டமின் ஒவ்வாமை.

"ஒரு வாளி, ரெண்டு குழாய்னு வச்சுக்கோங்க. ஒரு குழாய் சாப்பாடு, இன்னொண்ணு உங்க உடம்பு. கீழே தண்ணி போற ஓட்டை சின்னதா இருந்தா வாளி வழியத்தானே செய்யும்?" என்றார். கணக்கு டீச்சரிடம் குழாய்க் கணக்கு! நான் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

ஈஸ்ட்ரோஜன் அந்த இரண்டாவது குழாயைத் திறக்கக்கூடியது. மாஸ்ட் செல்களை அது தூண்டுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. மெனோபாஸை ஒட்டிய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை, ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். அதற்கு மேல் ஜெல்லின் அளவும் கூடியிருக்கிறது. ஆனால், ஹார்மோன் சிகிச்சைதான் இதற்குக் காரணம் என்று பெரிய மருத்துவ ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் நோட்டு முக்கியம் என்றார்.

கர்ப்பமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மாதாமாதம் வரும் ஒற்றைத் தலைவலி இரண்டு பிரசவத்தின்போதும் காணாமல் போயிருந்தது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த டி.ஏ.ஓ-வைப் பல நூறு மடங்கு சுரக்கிறதாம். தலைவலி போனதற்கு அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்க ஆச்சரியமாக இருந்தது.

மீனில் நடப்பது வேறு கதை. சூரை, அயிலை, சாளை, சீலா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. ஐஸில் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் வறுத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. மாசி என்பது சூரையை அவித்துக் காயவைத்ததுதானே. புளித்த மாவு, ஊறுகாய், சோயா சாஸ், வினிகர் போன்ற புளிக்கவைத்த பொருட்கள் எல்லாம் இதே ஜாதி. தக்காளி, கத்தரிக்காய், பசலைக்கீரையிலும் ஹிஸ்டமின் உண்டு. புளி விஷயத்தில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடுகிறது. எனக்குப் புளி ஒன்றும் செய்யவில்லை, முருகன் காப்பாற்றினான்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. டி.ஏ.ஓ அளவு பார்க்கிற டெஸ்டை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று டாக்டரம்மா சொன்னதால் அந்தச் செலவு மிச்சம். வேறு நோய் இல்லை என்று உறுதி செய்ய, தோல் டாக்டர் தைராய்டும் டிரிப்டேஸ் என்ற டெஸ்டும் எடுத்தார். இரண்டும் சரியாக இருந்தன.

ஜெல் மறுபடி ஒரு அழுத்தாகக் குறைந்தது. புரொஜெஸ்ட்ரோனைத் தொடவில்லை. ஈஸ்ட்ரோஜன் போகும்வரை அதை நானாக விடக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். கூடவே மூன்று வாரம் ஹிஸ்டமின் குறைந்த சாப்பாடு. அதன் பிறகு, ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பத்தியம் இருந்தால் சத்துக்குறைவு வந்துவிடும் என்பதால் இதில் கண்டிப்பாக இருந்தார். தொண்டை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வீட்டில் உட்கார்ந்து மாத்திரை தேடாமல் ஓடிவிட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தார்.

மூன்று வாரத்தில் தடிப்பு வாரம் நான்கு தடவையிலிருந்து ஒன்றாகியது. தயிரைச் சேர்த்தேன், அன்றன்று உறைந்த தயிருக்கு ஒன்றுமில்லை. தக்காளி ஒன்று போட்டால் சரி, நான்கு போட்ட தொக்கு ஆகாது. மாவு அரைத்த அன்றும் மறுநாளும் மட்டும். மற்ற நாட்களில் பாசிப்பயறு தோசை, புட்டு. ஜெல் குறைந்ததால் ராத்திரி ஒருமுறை வியர்க்கிறது. ஒரு முறைதானே, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது

கஷ்டமான வேலை இதுதான். எழுபத்து நான்கு வயதில், மாசியை உடைத்து, துணியில் கட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துப்போய் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறவரிடம், இனிமேல் அனுப்பாதே என்று எப்படிச் சொல்வது? இரண்டு பார்சலை வாங்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்த பிறகுதான் போனில் சொன்னேன்.

"மீனு ஒத்துக்கலையா? கடக்கரையில பொறந்த பிள்ளைக்கு மீனு ஒத்துக்கலையாட்டி?"

மீன் இல்லம்மா, பழசாகிற மீன் என்று வாளிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"எனக்கும் ஒன் வயசுல வந்துச்சுட்டி. மாசி தின்னா மேலெல்லாம் தடிச்சிரும். காணாக்கடின்னு ஆச்சி அருகம்புல்லும் மெளகும் அரச்சுக் குடுப்பா. ரெண்டு வருசம் கெடந்து அரிச்சுது. ஒங்க அப்பாட்ட கூட சொல்லல."

அம்மா புறவாசல் சிமெண்ட் தரையில் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வெக்கையாக இருக்கு என்பாள். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மார்கழியிலும் அங்கேதான் படுத்தாள். எங்களில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்கிற வழக்கமும் வீட்டில் இல்லை. அன்று போனில் முக்கால் மணி நேரம் பேசினோம். எப்போது நின்றது, எவ்வளவு நாள் தூங்கவில்லை, எதற்கெல்லாம் அழுதாள் என்று அவள் சொல்லச் சொல்ல, பழக்கதோஷத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

இப்போது மாசி வருவதில்லை. மாதம் ஒருமுறை, காலை முதல் பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வருகிறது. போன ஞாயிறு வந்தது விளைமீன். கழுவிய கையோடு ஒரு வேளைக்கு மட்டும் குழம்பு வைத்துவிட்டு, மிச்சத் துண்டுகளை உடனே ஃப்ரீஸரில் வைத்தேன். ஆனாலும் குழம்பு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்தது. திங்கள்கிழமை மத்தியானம் அவர் டிபன்பாக்ஸில் அந்தப் பழைய குழம்பு, என் டிபன்பாக்ஸில் பீர்க்கங்காய்க் கூட்டு.