ரம்பம் போடப் போறேன், ஓடிடாதீங்க!

பயப்படாதீங்க மக்களே, இது மரம் அறுக்கிற நிஜ ரம்பம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் வர்ற பைன் மரப் பெட்டியும் பேலட்டும் பழைய மரக் கடைகள்ல குவிஞ்சு கிடக்கும். அதை வாங்கி வீட்டுலயே ஸ்டூல், ஷெல்ஃப் செய்யணும்னு அப்பாவுக்கு ஆசை. கையில 45,000 ரூபாய். அறுக்க, இழைக்க, துளை போட எல்லாத்துக்கும் ஒரே காம்பினேஷன் மெஷின் வாங்கலாம்னு ஒத்தக் கால்ல நின்னார். பி.காம் படிக்கிறேன்ல, கணக்கு பார்க்கிற வேலை எனக்கு :-)

பணக் கணக்கு சுலபம். மூணு மெஷினை விட ஒண்ணு மலிவு, இடமும் மிச்சம். ஆனா மோட்டார் போனா மூணு வேலையும் நிக்கும்.

எனக்குப் பயம் வேற இடத்துல. நம்ம ஊர்ல கிடைக்கிற சாதா மெஷின் பலதுல, இழைக்கிற பிளேடு சுத்தற தண்டோட நுனியிலயே வட்ட ரம்பத்தையும் மாட்டியிருப்பாங்க. பலகை அறுக்கும்போது பக்கத்துல இழைப்பு பிளேடும் சுத்திட்டே இருக்கும். ரம்பத்துக்குப் பின்னால நிக்க வேண்டிய தகடும் பலதுல இருக்காது. அது இல்லேன்னா அறுத்த வாய் மூடி பிளேடைக் கவ்வும், பலகை நம்ம மேலயே பாயும். மெஷினுக்குத் தேய்மானம் 15% எழுதலாம், அதுவும் தொழிலுக்கு வாங்கினா. அப்பா விரலுக்கு எதை எழுத?

ஆசாரிங்க நிறைய பேர் 4 இஞ்ச் மார்பிள் கட்டர்ல மர பிளேடு போட்டு அறுக்கறாங்க. அது கல்லுக்குச் செஞ்சது. சுமார் 35 மி.மீ. ஆழம்தான் போகும், கீழ்ப்பக்கம் தானா மூடிக்கிற கவசமும் கிடையாது. 7 இஞ்ச் சர்க்குலர் சால அந்தக் கவசம் உண்டு, 60 மி.மீ.க்கு மேல அறுக்கும். நேரா போக ஒரு அலுமினியப் பட்டை, ரெண்டு கிளாம்ப் போதும். கடைசியில அதையும் ஒரு கை பிளேனரையும் வாங்கினோம். பேலட்ல உடைஞ்ச ஆணி ஒளிஞ்சிருக்கும், காந்தத்தால தடவிப் பார்த்துட்டுதான் பிளேடை வைக்கணும்.

இன்னொண்ணு. பேலட்ல குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்க. 'எச்.டி.'ன்னா சூடு காட்டிப் பூச்சியைக் கொன்னது. 'எம்.பி.'ன்னா மீதைல் புரோமைடு புகை போட்டது, வீட்டு சாமானுக்கு வேண்டாம்.

பேலட் அடிக்கட்டையைப் பிளக்க பேண்ட் சாதான் சரி. அதோட பிளேடு கட்டையை மேஜை மேல கீழ்நோக்கித்தான் அழுத்தும், நம்ம மேல எறியாது. மீதிப் பணம் அதுக்காக அப்படியே இருக்கு. நம்ம ஏரியால யார்கிட்டயாவது செகண்ட் ஹேண்ட்ல நல்லதா இருந்தா சொல்லுங்க. சிங்கிள் பேஸ் மோட்டாரா இருக்கணும்.