அயலாரும் ஐயமும்

வேற்று நாடு புகுவானைப் பற்றும் அச்சம் இருவகைத்து. வழி, நீர், நோய், விலங்கு முதலியவற்றை அஞ்சுதல் ஒன்று; அந்நாட்டு மக்களை அஞ்சுதல் மற்றொன்று. முன்னது அறிவின்பாற்பட்டது. பின்னதோ, ஒருவன் செய்த தீங்கை அந்நாட்டார் அனைவர்மேலும் ஏற்றிக் காணும் மயக்கமாய் முடிதலே பெரும்பான்மை. இம்மயக்கம் நீங்குமாறும், நீங்கியபின் மீண்டு வந்து பற்றுமாறும், ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் மங்கோ பார்க்கின் வரலாற்றில் இனிது விளங்கும்.

நைஜர் ஆற்றின் போக்கினை ஐரோப்பியர் தெளிய அறியாத காலத்து, அதனைக் காணும் வேட்கையால் அவர் 1795-ஆம் ஆண்டில் மேலை ஆப்பிரிக்காவிற் புகுந்தார். லூடாமர் நாட்டுத் தலைவனாகிய அலி என்பான் அவரைப் பிடித்துச் சிறைவைத்தான். பசியும் நீர்வேட்கையும் இகழ்ச்சியும் உற்றுச் சில திங்கள் துன்புற்ற அவர், 1796 ஜூலைத் தொடக்கத்தில் மெலிந்த குதிரை ஒன்றுடன் தப்பி ஓடினார். வழியில் ஓர் ஊர்த்தலைவன் வாயில் அவர்க்கு அடைபட்டது. அவ்வூர்ப் புறத்தே ஒரு குடிசை முன்னர் நூல் நூற்றிருந்த மூதாட்டியோ, அவர் பசியைக் குறிப்பாற் காட்டிய அளவில், நூற்றலை விடுத்து உள்ளழைத்து உணவிட்டாள். அவரைப் பற்றி அலியினிடம் ஒப்புவிக்கலாம் என்று பேசினாரும் அவ்வூரிலேயே இருந்தனர். ஓரூரிலேயே இருதிறத்தாரும் உளராதல் காண்க.

அம்மாதத்திலேயே அவர் செகு நகரை அடைந்து நைஜர் ஆற்றைக் கண்டார். அரசன் மன்சாங் அவரைக் காண உடன்படாது, சேய்மையிலுள்ள சிற்றூரொன்றில் தங்குமாறு பணித்தான். அச்சிற்றூராரோ வியப்பும் அச்சமும் மீதூர அவரை நோக்கினரேயன்றி, இடங்கொடுத்தாரல்லர். பகல் முழுதும் உணவின்றி ஒரு மரநிழலில் இருந்தார். மாலையிற் காற்றெழுந்து மழைக்குறி தோன்றிற்று. அப்பொழுது வயலினின்று மீண்ட பெண்ணொருத்தி அவர் வாட்டங் கண்டு, சேணத்தையும் கடிவாளத்தையும் தானே எடுத்துக்கொண்டு, தன்னைப் பின்தொடரச் சொன்னாள். மீன் சுட்டுக் கொடுத்தாள், பாய் விரித்தாள். அவள் மனைப்பெண்டிர் இரவிற் பஞ்சு நூற்றுக்கொண்டே, வந்த அயலானைப் பொருளாக வைத்து இரக்கந் தோன்றப் பாடினர். எதிர்பாராத அவ்வன்பு அவர்க்கு உறக்கத்தைப் போக்கிற்று. மறுநாள் தம் சட்டையில் எஞ்சியிருந்த 4 பித்தளைப் பொத்தான்களில் இரண்டை அவளுக்குக் கொடுத்தார். வேறு கொடுத்தற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

ஈண்டு அச்சம் இருபாலும் இருந்தது. அவர் அவர்களை அஞ்சுதற்கு ஏது இருந்தவாறே, அவர்களும் முன் காணாத நிறத்தினராகிய அவரை அஞ்சினர். முதற்கண் அதனைக் கடந்தவள் அப்பெண்ணே. வழிச்செல்வான் ஐயம் நீங்குதற்கு, அவ்வூரார் ஒருவர் தம் ஐயத்தை முன்னர் நீக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் 1805-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் சென்றார். இம்முறை படைவீரர் உள்ளிட்ட 40-க்கு மேற்பட்ட ஐரோப்பியர் உடன்சென்றனர். பெரும்பாலார் நோயால் மாண்டனர். எஞ்சிய சிலர் துப்பாக்கிகளுடன் படகேறி, அணுகிய ஓடங்களைச் சுட்டு விலக்கிச் சென்றனர் என்பது, வழிகாட்டியாய் உடனிருந்த அமதி பட்டூமா கூறிய செய்தி. 1806-ஆம் ஆண்டில் புசா என்னுமிடத்துக் கரையிலிருந்தோர் தாக்க, பார்க் நீரிற் குதித்து மூழ்கி இறந்தார்.

அற்றேல், படைக்கலமின்றித் தனியே செல்வார்க்கு அலி போல்வாரால் இடுக்கண் வாராதோ எனின், வரும், அவர்க்கே வந்தது. ஆயினும், வருவார் எவரையும் அணுகவொட்டாத படகிற்கு மீனும் பாயும் கொண்டுவருவார் யார்? தீயோனை விலக்கக் கொண்ட கருவி, அப்பெண் போல்வாரையும் உடன் விலக்கிற்று. விழிப்போடு செல்க, அயலார் ஒருவர் தம் அச்சங் கடந்து அருகே வருதற்கு வழியும் விட்டுச் செல்க.