எந்த பைபிள், எந்த சபை? கல்லறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

புதிதாகக் கிறிஸ்தவம் தழுவும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "அக்கா, எந்த பைபிள் வாங்கறது? எந்த சபைக்குப் போறது?" நான் போதகர் இல்லை. காலனிகளில் வேலை செய்யும் சமூகப் பணியாளர். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் கேள்வி சுலபம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பழைய 'பரிசுத்த வேதாகமம்'. தேவன், கர்த்தர், ஞானஸ்நானம், சுவிசேஷம் என்று 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். கத்தோலிக்கக் கோயில்களில் 1995இல் வந்த 'திருவிவிலியம்'. கடவுள், ஆண்டவர், திருமுழுக்கு, நற்செய்தி என்று இன்றைய தமிழ். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு அது. முன்னதில் 66 நூல்கள், கத்தோலிக்கர் ஏற்பது 73.

இரண்டையும் கடன் வாங்கி, மாற்கு 7ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். தீட்டு பற்றிய அதிகாரம் அது. கழுவாத கையோ உண்ணும் உணவோ மனிதரைத் தீட்டாக்குவதில்லை, உள்ளேயிருந்து வரும் தீமைதான் தீட்டாக்குகிறது என்று இயேசு வாதாடுகிறார். தலைமுறை தலைமுறையாகத் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தமிழில் அது உங்களுக்கு உறைக்கிறதோ, அதை வாங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். எந்த சபையும் சாதியை எழுதி வைத்துப் போதிப்பதில்லை. ஆனால் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காரவே கோயிலை இரண்டு கைகளாகக் கட்டினார்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நின்றது. கள்ளக்குறிச்சி பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே நற்கருணை வாங்கியவர்களுக்குள் நடந்த சண்டை அது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். வார நாளில் போங்கள். திருவிழாத் தேர் காலனித் தெருவுக்குள் வருமா? பங்குப் பேரவையிலோ கமிட்டியிலோ நம் ஆட்கள் எத்தனை பேர்? சபைப் பள்ளியில் வேலை யாருக்குக் கிடைக்கிறது? கடைசியாக, கல்லறைக்குப் போய் நம் ஆட்களை எந்த மூலையில் புதைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உயிரோடு இருக்கும்போது மறைக்க முடிந்ததை மண் மறைக்காது.

பெந்தெகொஸ்தே சபைகளில் இந்த மூலை இருக்காது, போதகரே நம் தெருக்காரராக இருப்பார் என்பார்கள். பல இடங்களில் உண்மை. வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்கள், நோயில் கூட இருப்பார்கள். ஆனால் சின்ன சபைகள் பலவற்றுக்குச் சொந்தக் கல்லறையே கிடையாது. சாவு விழுந்த அன்றைக்கு இடம் தேடி அலையும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சேரும்போதே கேட்டுவிடுங்கள். தசமபாகக் கணக்கு யார் கையில் என்பதையும் கேளுங்கள்.

எந்த சபையானாலும் மாறாத ஒன்று உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவீர்கள். பட்டியல் சாதியினருக்கான கல்வி, வேலை இடஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் கைவிட்டுப் போகும். ஊர் உங்களைக் கூப்பிடும் பெயர் மட்டும் மாறாது. இந்த அநீதிக்கு எதிராக நாம் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சாதியை உதறிவிட்டு வெளியேற நினைப்பவரைச் சான்றிதழைக் காட்டி மிரட்டுவது என் வேலை இல்லை. மனசாட்சி அவரவருடையது. ஆனால் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள், படிக்கிற பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு. சேர்ந்த பிறகு பின் வரிசையில் உட்காராதீர்கள். கேட்க வேண்டியதைக் கமிட்டியில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.