பிரீதர் குழாய்

2004-ல் என் அம்பாஸடர் காரை விற்றேன். அதை வாங்க வந்தவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று சில நிமிஷங்கள் தயங்கி நின்றேன். ஒரு ரப்பர் குழாய் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த 1489 ஸி.ஸி. பெட்ரோல் எஞ்ஜினின் பக்கவாட்டில், டேப்பெட் அறையின் மூடியிலிருந்து ஒரு தகரக் குழாய் தரையைப் பார்த்து இறங்கும். அதன் வாய் திறந்தே இருக்கும். மெக்கானிக்குகள் அதை பிரீதர் என்பார்கள். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அழுத்தப்பட்ட வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் கசியத்தான் செய்யும். அதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல் கலவை. மீதி புகையும் நீராவியும். இதை வெளியே விடாவிட்டால் எண்ணெய் கெடும், உள்ளே அழுத்தம் ஏறும். வண்டி ஓடும்போது குழாயின் வாயைக் கடக்கும் காற்று இதை உறிஞ்சித் தெருவில் சேர்த்துவிடும். உலகம் முழுவதும் எஞ்ஜின்கள் பல பத்தாண்டுகள் இப்படித்தான் மூச்சு விட்டன.

ரிங்குகள் தேயத் தேய இந்த மூச்சு கனத்துப்போகும். 1998-ல் ஒரு நாள் கோயம்புத்தூரில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். பக்கத்து ஸ்கூட்டரில் தகப்பனின் கால்களுக்கிடையே நின்றிருந்த குழந்தை என் வண்டியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து நீலமாக எழுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது புகை.

இதில் வேடிக்கை, அதற்கு முந்தின வாரம்தான் வண்டி புகைச் சோதனையில் தேறியிருந்தது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, நின்ற நிலையில் ஓடும் எஞ்ஜினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு அப்போது 3 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. சோதிப்பவர் கருவியின் மூக்கை சைலன்ஸர் குழாயினுள் நுழைத்து எண்ணைப் பார்ப்பார். வண்டியின் முன்பக்கம் அவர் வர வேண்டிய அவசியமில்லை. அவர் சான்றிதழில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது பிரீதர் தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

மெக்கானிக்கிடம் சொன்னேன். ‘எஞ்ஜினைப் பிரிச்சு ரிங்கு மாத்தோணுங்க சார். இல்லைன்னா இந்தக் குழாய்ல ஒரு கட்டையை அடிச்சு அடைச்சுரலாங்க. பொகை கண்ணுக்குத் தெரியாது’ என்றார். பிரிப்பதற்கு அப்போது என்னிடம் பணமில்லை. அடைத்தால் என்ன ஆகுமென்று கேட்டேன். சிரித்தார். அந்த எஞ்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் ஸீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான் உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் எண்ணெய் அதைத் தாண்டி வந்து கிளட்சை நனைக்கும். முன்னால் மறைத்தது பின்னால் ஒழுகும்.

மூன்றாவதாக ஒரு வழி இருப்பது எனக்குப் படித்துத் தெரிந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண்ணெரிச்சல் மூட்டத்துக்குக் காரணம் தேடியவர் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி. அதுவரை அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓஸோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, யாரும் பொருட்படுத்தாத இந்த பிரீதர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 1961-ம் வருஷத்து மாடல்களிலிருந்து கலிஃபோர்னியாவில் புதுக் கார்களில் பி.சி.வி. வால்வு வந்தது. 1963 மாடல்களில் அமெரிக்கா முழுவதும் பரவியது. புகையைத் தெருவில் விடாமல் எஞ்ஜினே மறுபடி உள்ளிழுத்து எரிக்கும் ஏற்பாடு அது.

வால்வு கட்டைவிரல் அளவுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு தண்டு. எஞ்ஜின் மெதுவாக ஓடும்போது மேனிபோல்டின் உறிஞ்சல் பலமாக இருக்கும். அது தண்டை இழுத்து வழியைக் குறுக்கும். வேகம் கூட்டும்போது உறிஞ்சல் தளர, ஸ்பிரிங் தள்ளி வழி அகலும். எஞ்ஜின் பின்னடித்தால் தண்டு அடைத்துக்கொண்டு நெருப்பை உள்ளே விடாது.

பழைய மாருதி ஒன்றின் வால்வை வாங்கினோம். மெக்கானிக் இன்லெட் மேனிபோல்டில் துளையிட்டு மரை வெட்டினார். பிரீதரின் வாயில் எண்ணெயைப் பிரிக்க, கம்பிச் சுருள் அடைத்த ஒரு டப்பா. அதிலிருந்து ரப்பர் குழாய், வால்வு, மேனிபோல்டு. ராக்கர் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்கு ஏற்கெனவே இருந்த குழாய் சுத்தமான காற்று உள்ளே போகும் வழியாயிற்று. கார்புரேட்டரின் ஐட்லிங் கலவையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புகை நின்றது. கிளட்ச் பக்கத்து எண்ணெய்க் கசிவும் குறைந்தது. குன்னூர் ஏற்றத்தில் மட்டும் வால்வால் சமாளிக்க முடியாத மிச்சம் ராக்கர் குழாய் வழியே எதிர்த்து வந்து ஏர் கிளீனரை எண்ணெயாக்கும். அதைத் துடைத்துக்கொள்வேன்.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. வாங்க வந்தவர் இளைஞர், விவரமானவர். எஞ்ஜினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புகை இல்லை. கை லேசாக உள்ளே இழுபட்டிருக்க வேண்டும். ‘எஞ்ஜின் டைட்டா இருக்குதுங்க சார்’ என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார்.

நான் எதையும் மறைக்கவில்லை. தெருவுக்காகச் செய்தது அது. இப்போதும் சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் மறைந்திருந்தது. மரக்கட்டை செய்திருக்கக்கூடிய அதே வேலையை என் நல்ல காரியமும் செய்து முடித்திருந்தது. கட்டையாக இருந்திருந்தால் கூச்சம் எனக்குச் சீக்கிரமே வந்திருக்கும். நல்ல காரியம் என்பதால்தான் அத்தனை நிமிஷங்கள் தேவைப்பட்டன.

‘தம்பி, ஒரு நிமிஷம்’ என்று சொல்லி ரப்பர் குழாயை வால்விலிருந்து உருவி, மேனிபோல்டின் வழியை விரலால் அடைத்துக்கொண்டேன். புகை வந்தது. ஏர் கிளீனரையும் கழற்றிக் காட்டினேன். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எட்டாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

சாவியை வாங்கிக்கொண்டு குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். ‘இதை மறுபடி மாட்டிக் குடுத்துருங்க’ என்றார்.