பொன்னிறத்தில் ஒரு கரிய இறகு

ஹெவ்லொக் டவுனில் எங்கள் பெரியப்பா குடியிருந்த வீட்டின் பின்வளவில் மாமரம் ஒன்று நின்றது. அது காய்த்தமைக்காக அன்றி, நிழல் தந்தமைக்காகவே அவர் அதனைப் போற்றினார். அந்நிழலும் அவருக்கன்று, அவர் வளர்த்த பாண்டம் கோழிகளுக்கு.

யாவாத் தீவின் பந்தன் துறைமுகப் பெயரே 'பாண்டம்' என மருவிற்று. அங்கே ஐரோப்பிய மாலுமிகள் கண்ட சிறு கோழிகளின் பெயர் நாளடைவில் குறுங்கோழி இனங்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. பெரியப்பாவிடம் இருந்தவை பெக்கின் இனத்தவை. 1860ஆம் ஆண்டில் பீக்கிங் நகரின் கோடைகால அரண்மனை சூறையாடப்பட்டபோது பிரித்தானியப் படையினர் கவர்ந்து சென்ற கோழிகளே இவற்றின் மூதாதையர் என்பர். பந்துபோல் உருண்ட உடல்; கால்விரல்களையும் மூடும் இறகு; தலையினும் சற்று உயர்ந்த வால். நிறமோ ஆங்கிலேயர் 'பஃப்' எனும் இளம்பொன்.

அந்நிறமே பெருந்தொல்லை. கழுத்து முதல் வால் வரை ஒரே சாயல் வேண்டும். இறக்கையில் வெண்மை தோன்றினும் குற்றம். வாலில் கருமை தோன்றினும் குற்றம். வெளிறியதையும் கடுத்ததையும் இணைசேர்த்தால் நடுநிறம் கிடைக்குமென்று புதியவர் எண்ணுவர். கிடைப்பவை பெரும்பாலும் திட்டுத்திட்டான குஞ்சுகளே. நல்ல நிறம் வாய்த்த பின்னரும் வெயில் அதனை வெளிறச் செய்யும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் அமைந்த கொழும்பில் இதைவிட வேறு பகை வேண்டுமா? எனவே காலை வெயில் ஏறுமுன் கோழிகள் நிழலுக்குள் வந்துவிடும். மழைக்காலத்திலோ கால் இறகு சேற்றில் நனையாதிருக்க, உலர்ந்த மரத்தூளை அடிக்கடி மாற்றுவோம். இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் எள்ளுப் பிண்ணாக்கும் மீன்தூளும் தீனியிற் கூடும்.

எனக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, கொழும்பில் நடைபெற்ற ஒரு கண்காட்சிக்காக இளம்பேடு ஒன்றை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கம்பிக்கூட்டில் இரு வாரம் வைத்து, அந்நியர் கைபட்டாலும் பதறாதபடி பழக்கினேன். கண்காட்சிக்கு இரு நாள் முன்னர் மூன்று பேசின்களில் இளஞ்சூட்டு நீர் நிரப்பினேன். முதலாவதில் சவர்க்காரம்; இரண்டாவதில் வெறும் நீர்; மூன்றாவதில் சில துளி வினாகிரி. நனைந்த கோழியைக் கண்டவர் அதனைப் பரிசுக்கு உரியதென்று நம்பமாட்டார். துவாயால் ஒற்றி, வாலை விரித்து உலர்த்தும்போதுதான் கண்டேன்: உள்ளடுக்கில், பாதி கரிய இறகொன்று.

பெக்கினின் வால் மென்மையான இறகுத் திரள். ஒன்று குறைந்தால் எவருக்கும் புலப்படாது. பிடுங்கினேன். பேடு ஒருமுறை சிலிர்த்தது; அவ்வளவே.

முதற்பரிசு கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒருவர், அப்பேட்டை நல்ல சேவலுடன் சேர்த்து முட்டைகள் தரும்படி வேண்டினார். தக்க பேட்டினைத் தேடி ஈராண்டு அலைந்ததாகவும் சொன்னார். பெரியப்பா மகிழ்ந்து, முட்டைகளைச் சேர்த்து ஒரு டசினாக அனுப்பிவைத்தார். நான் பேசாதிருந்தேன்.

பிடுங்கிய இறகு மீண்டும் முளைக்க ஆறேழு வாரம் செல்லும். அது தன் கருமையுடனேயே முளைத்தது. ஒருநாள் மாலை பெரியப்பா பேட்டை மடியில் வைத்து வாலை விரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது முந்தியும் இருந்ததோ?"

"ஓம், பெரியப்பா."

அவர் கோபிப்பாரென எதிர்பார்த்தேன். "அந்த மனுசன் இரண்டு வருசமாய்த் தேடினவர்" என்று மட்டும் சொன்னார். குஞ்சுகள் வளர்ந்து குறை வெளிப்படும்வரை அவர் காத்திருக்கவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை, கொடுக்க மனமில்லாது வைத்திருந்த பேடுகளில் இரண்டைத் தெரிந்து கூடையில் வைத்தார். பரிசு அட்டையையும் சுவரிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கொட்டாஞ்சேனைவரை பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவே அக்கூடை இருந்தது. போய்ச் சேர்ந்ததும் படலையைத் திறக்குமாறு எனக்குச் சைகை காட்டிவிட்டு, அவர் பின்னால் நின்றார்.